கடிவாளம் என்று நான் வைத்த பெயர்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய பங்குனி மாதம். ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில், ஒரு மத்தியான வேளையில், என் உயிர் போக இருந்தது. அதை நான் நேரில் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன். கார் ஓட்டிக்கொண்டிருந்தவனும் தூங்கிக்கொண்டிருந்ததால் அவனும் பார்க்கவில்லை. பின் சீட்டில் இருந்த என் மனைவி ஒருத்திதான் பார்த்தாள். ஆகவே இந்தச் சம்பவத்தில் ஒரு பகுதி அவள் சொல்லிக் கேட்டது. அதிலுள்ள வெட்கக்கேட்டுக்கு மட்டும் நானே சாட்சி.

ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கத்து வழக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை. வளைகுடாவில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். பழனி, வேளாங்கண்ணி, திருச்சி விமான நிலையம் என்று சவாரி இருந்துகொண்டே இருக்கும். ‘நிதானமான ஆளு, நம்பி ஏறலாம்’ என்று அவனுக்குப் பெயர். வாடகை வண்டிக்காரனுக்கு அந்தப் பெயர்தான் சோறு.

என் விஷயம் வேறு. புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் உட்காரும் உத்தியோகம். உபதொழிலாக, சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் வாழ்த்துரை. அழைப்பிதழில்தான் அது வாழ்த்துரை. நான் வாழ்த்துவேன் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பந்தி தயாராகிறவரை கூட்டத்தைச் சிரிக்க வைத்து நாற்காலியில் பிடித்து வைக்க வேண்டும். சமையல்கட்டுப் பக்கமிருந்து யாராவது கையசைத்தால் ‘பல்லாண்டு வாழ்க’ என்று முடித்துக்கொள்வேன். நிறையப் படிக்கிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை உள்ளவர்களில் முதல் ஆள் நான்.

அந்தப் பங்குனிக்கு முந்தைய ஆடியில் என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்துபோனது. முறுக்கின் மேல் பழியைப் போட்டபடி டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். என் வயதுப் பெண்மணி. சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டு, உடைந்த பல்லை ஒரு பார்வை பார்த்தார். அதை விட்டுவிட்டு மற்ற இடங்களையெல்லாம் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“சார், குறட்டை விடுவீங்களா?”

வாய் நிறையப் பஞ்சு. “ஆ” என்றேன். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

“நாக்கு ஓரத்துல பல்லுத் தடம் பதிஞ்சிருக்கு. பல்லெல்லாம் நறநறன்னு கடிச்சுத் தேஞ்சிருக்கு. காலையில எந்திரிக்கும்போது வாய் காஞ்சு போகுதா? தலை வலிக்குதா? பகல்ல தூக்கம் தள்ளுதா?”

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவனிடம் பகலில் தூக்கம் வருமா என்று கேட்பது, மீனிடம் ஈரமாக இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. அதை அங்கேயே சொல்லியிருப்பேன், பஞ்சு விடவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். சிலருக்குத் தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்பக்கம் சரிந்து, மூச்சுப் போகும் வழி அடைபடுகிறது. மூச்சு நிற்கிறது. மூளை பதறித் தட்டி எழுப்புகிறது. மறுபடி மூச்சு வருகிறது. விடியும்வரை இதே வேலை. நமக்கு எதுவும் நினைவிருக்காது. நன்றாகத் தூங்கினோம் என்று நினைத்துக்கொள்வோம். இதயம், ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் அது கேடு. பல் டாக்டருக்கு வாயைப் பார்த்ததும் சந்தேகம் வரும். ஆனால் இதுதான் நோய் என்று முடிவு சொல்வது அவர் வேலையில்லை. நுரையீரல் டாக்டரோ, காது மூக்கு தொண்டை டாக்டரோ தூக்கப் பரிசோதனை எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சரியென்றால், சிலருக்குப் பல் டாக்டர் வாய்க்கு அளவெடுத்து ஒரு சாதனம் செய்து தரலாம். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நாக்கு சரியாது, மூச்சு ஓடும்.

மேஜையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார். மேலுக்கொன்றும் கீழுக்கொன்றுமாகப் பல்வரிசைக்குப் போடும் இரண்டு கண்ணாடி நிற உறைகள், ஓரத்தில் இணைக்கப்பட்டிருந்தன. மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். நன்றி சொன்னேன். அவர் எழுதித் தந்த சீட்டு சட்டைப் பையிலேயே இருந்து சட்டையோடு துவைபட்டது. அந்தச் சாதனம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நல்ல சரக்கு சிக்கிவிட்டது என்று ஒரே சந்தோஷம்.

ஆவணியில் என் பெரியப்பா மகன் ஒருவருக்கு மணிவிழா. புதுக்கோட்டையில் பெரிய மண்டபம். இரு வீட்டுச் சொந்தங்களும் வந்து, உட்கார இடமில்லாமல் ஓரமாக நின்றார்கள். மைக்கைப் பிடித்தேன்.

“நம்ம டவுன்ல இப்ப பல் டாக்டரு குறட்டைக்கு வைத்தியம் பாக்குறாங்க. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட கால் ஆணிக்குப் போகலாம். வாயில மாட்டிக்கிட்டுப் படுக்க ஒரு சாமான் செஞ்சு தர்றாங்களாம். என்னடான்னு எடுத்துப் பாத்தேன். நம்ம ஊர்ல அதுக்குப் பழைய பேரு ஒன்னு இருக்குய்யா. கடிவாளம்! குதிரைக்கு ஓடுறதுக்கு மாட்டுவாங்க, மனுசனுக்குப் படுக்குறதுக்கு மாட்டுறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். என்ன ஒன்னு, வீட்ல பொம்பளைங்க முதல் நாளே கொள்ளு ஊறப் போட்டுறணும்!”

மண்டபம் குலுங்கியது. மணிவிழாத் தம்பதி மாலையோடு குனிந்து சிரித்தார்கள். நான் கடிவாளத்தைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு குதிரை மாதிரி ஒரு கனைப்பும் கனைத்துக் காட்டினேன் என்பதை இங்கே மறைக்க ஆசைதான். ஆனால் அதைச் செல்போனில் எடுத்து வைத்திருக்கிறார்கள். என் மனைவி மட்டும் சிரிக்காமல் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். காலம் பூராவும் என்னைக் கேட்கிறவள், அலுத்திருக்கும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை பின்னால் தூணோரம் கார் சாவியோடு நின்றான். அவன் சிரித்தான். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நின்றால் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்த சிரிப்பு அது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இனி அந்தப் பங்குனி மத்தியானம். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காதணி விழா. கறிச்சோறு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதே மாப்பிள்ளை கொட்டாவி விட்டான். “சாப்பாடு அப்படி மாப்ள” என்று அதையும் ஒரு பாராட்டாக்கினேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மற்றது என் மனைவி சொன்னது. வளைவுகூட இல்லாத நேர் சாலை. கார் மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியதாம். எதிரில் பஸ் வருகிறதோ என்று எட்டிப் பார்த்தாளாம், ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் தம்பியின் முகத்தைப் பார்த்தாளாம், கண் மூடியிருந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாளாம், வாய் திறந்திருந்தது. “டேய் தம்பீ!” என்று கத்திக்கொண்டு அவன் தோளில் ஓங்கி அடித்திருக்கிறாள். அதற்குள் கார் சாலையோரம் காயப்போட்டிருந்த உளுந்துச் செடியின் மேல் ஏறி, சரிவில் இறங்கி, கருவேலம் புதருக்குள் போய் நின்றுவிட்டது. அந்தக் குலுக்கலில் கண் விழித்த நான், “அறந்தாங்கி வந்திருச்சா?” என்று கேட்டேனாம்.

எனக்கும் அவனுக்கும் கீறல்தான். பிடிமானத்துக்குக் கை ஊன்றிய என் மனைவிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. முள்ளை விலக்கிக்கொண்டு நாங்கள் மேலே ஏறி வரும்போது, எதிர்ப்பக்கப் புளியமரத்தடியிலிருந்து உளுந்துக்காரர்கள் இருவர், புருஷனும் மனைவியும், ஓடி வந்தார்கள். அந்தம்மாவின் கையில் கஞ்சித் தூக்கு இருந்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே முந்திக்கொண்டேன். “மாடு ஒன்னு குறுக்க வந்துருச்சும்மா” என்றேன். தூக்கம் தெளிவதற்கு முன்பே பொய் தெளிவாக வந்தது, பேச்சாளன் அல்லவா?

அந்தம்மா சாலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். “எந்த மாடு? எங்கிட்டு இருந்து வந்துச்சு, எங்கிட்டு போச்சு? நாங்க இந்தா இங்கிட்டுத்தான ஒக்காந்திருக்கோம்?”

“கறுப்பு மாடு” என்றேன். வேறென்ன சொல்வது?

மாப்பிள்ளை என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தான். “மாடெல்லாம் இல்லக்கா. தூங்கிட்டேன். என் தப்புதான்.”

அந்தம்மா அவன் பக்கம் திரும்பினார். “வண்டி ஏறி உளுந்து தெறிக்கட்டும்னுதான்யா ரோட்டுல போட்டிருக்கோம். எங்க மேலயும் ஏறட்டும்னா போட்டோம்? செத்த முன்னாடி வரைக்கும் அந்த எடத்துலதான் குத்தவச்சுச் செடியப் பொரட்டிக்கிட்டு இருந்தேன். கஞ்சி குடிக்க எந்திரிச்சு வந்தேன். வராம இருந்திருந்தா?”

அவர் புருஷன், “விடு, விடு” என்றார். “எதை விட? தூங்குறதுக்கு ஒங்களுக்கெல்லாம் வீட்ல பாய் இல்லையாய்யா?” என்று கேட்டுக்கொண்டே என் மனைவியின் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீரில் துணியை நனைத்து மணிக்கட்டில் சுற்றிவிட்டார். டயரில் இழுபட்டுச் சிதறிய செடிகளை நானும் மாப்பிள்ளையும் அள்ளிப் பரப்பினோம்.

மனைவி மரத்தடியிலிருந்தே தம்பியைக் கேட்டாள். “ஏன்டா, வாயில வச்சுக்கிட்டுப் படுக்குறேன், இப்பல்லாம் பகல்ல தூக்கமே வர்றதில்லன்னு சொன்னியே?”

“அத விட்டுட்டேன்க்கா.”

“எப்ப விட்ட? ஏன் விட்ட?”

அவன் என்னைப் பார்த்தான். அவன் என்னைப் பார்த்ததை என் மனைவி பார்த்தாள். பிறகு அவள் மேலே கேட்கவில்லை. எனக்கு அப்போதும் முழுசாக விளங்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்கும் அவளுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். அறந்தாங்கியில் இருக்கும் அவனுடைய டிரைவர் நண்பருக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அப்போதுதான் மாப்பிள்ளை, செடியிலிருந்து முகத்தை எடுக்காமல், சொன்னான்.

வளைகுடாவில் இருந்தபோதே அவனுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் அந்தக் கோளாறு இருந்திருக்கிறது. ஊருக்கு வந்ததும் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் பரிசோதனை எடுத்தான். நடுத்தரமான அளவு என்றார்களாம். மூக்கில் மாட்டி, குழாய் வழியாகக் காற்றை அழுத்தமாகச் செலுத்தும் மிஷின்தான் முதலில் சொன்னார்கள். கொஞ்ச நாள் முயன்று பார்த்தான். சவாரி போன இடத்தில் வண்டிக்குள்ளேயே படுக்கிறவன் மிஷினை எதில் சொருகுவான்? அதைச் சொன்னதும், உன் அளவுக்கு வாய்ச் சாதனமும் வேலை செய்யும் என்று டாக்டர் பல் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். யாரிடம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, என் பல்லைப் பார்த்த அதே டாக்டர்தான். ஆரம்பத்தில் காலையில் தாடை வலித்ததாம், எச்சில் ஊறியதாம். பல் டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்து கொடுத்தார்களாம். அதற்கப்புறம் மதுரை வரை போய்த் திரும்பினாலும் ஒரு கொட்டாவி கிடையாதாம். டிரைவருக்குத் தூக்க வியாதி என்று வெளியே தெரிந்தால் யாரும் வண்டியில் ஏறமாட்டார்கள் என்று, தன் வீட்டுக்காரியையும் அக்காவையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அக்காவிடம், “மச்சானுக்கு மட்டும் தெரிய வேணாம்க்கா” என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

“அப்பறம் ஏன் மாப்ள விட்டே?” என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“மணிவிழா முடிஞ்சு வீட்டுக்குப் போயி, அத எடுத்து வாயில வச்சேன் மச்சான். வீட்டுக்காரி சிரிச்சுட்டா. பாவம், வேணும்னு சிரிக்கல. அவளுக்குக் கொள்ளு ஞாபகம் வந்துருச்சு. அடக்கப் பாக்குறா, முடியல. நானும் சிரிச்சேன். அப்பறம் அத எடுக்கவே தோணல.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான். “நீங்க தமாசுக்குத்தான சொன்னீங்க. நாந்தான் மனசுல எடுத்துக்கிட்டேன். விடுங்க மச்சான்.”

சட்டையைப் பிடித்து உலுக்கி நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவனோ குனிந்து உளுந்து அள்ளிக்கொண்டிருந்தான்.

நண்பர் வந்தார். “என்னாச்சு?” என்றார். மாப்பிள்ளை நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று என்னைப் பார்த்தான். அவன் பிழைப்பு அந்த நிமிஷம் என் வாயில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. “தலை சுத்துன மாதிரி இருந்துச்சு” என்று அவனே முடித்துக்கொண்டான். உளுந்துக்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. நண்பரே காரைப் புதரிலிருந்து பின்னால் எடுத்து, சாலையில் ஏற்றி ஓட்டினார். சொந்தக் காரின் பின் சீட்டில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு அவன் உட்கார்ந்து வந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வழி முழுக்க நான் கண் மூடவில்லை. காலம் கடந்த விழிப்பு.

மறு வாரம் அவனோடு நானும் அந்தப் பல் டாக்டரிடம் போனேன். மாதக்கணக்கில் போடாமல் விட்டதால் சாதனம் முன்போல் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்துச் சரிசெய்தார். தஞ்சாவூர் டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் சரி சொல்கிறவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். மாப்பிள்ளை வெளியே போனதும் நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவராகவே சொன்னார்.

“ஒங்க பேச்ச செல்போன்ல பாத்தேன் சார். கனைப்பு நல்லா இருந்துச்சு.”

நான் நெளிந்தேன்.

“ரெண்டு பேரு வந்து கடிவாளம் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, ஒக்காருங்கன்னேன். பேரு என்னவா இருந்தா என்ன, வந்தாங்கள்ல. சரி, நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா, இல்ல இன்னமும் பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?”

எடுத்தேன். எனக்குக் கோளாறு கடுமை என்று முடிவு வந்தது. வாய்ச் சாதனம் என் அளவுக்குப் போதாது, மிஷின்தான் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பைக் குறைக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அறுவை சிகிச்சையே செய்துவிடலாமே என்று வீரமாகக் கேட்டேன். அது எல்லோருக்கும் இல்லை, அடைப்பு எங்கே எதனால் என்று பார்த்து, தேவைப்படுகிறவர்களுக்குத்தான் என்றார். கையடக்கமான சாமானைக் கேலி செய்தவனுக்கு, தும்பிக்கை மாதிரிக் குழாய் வைத்த முகமூடி வாய்த்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டபோது என் மனைவி சிரிக்கவில்லை. வாரைச் சரியாக இழுத்து மாட்டிவிட்டாள். நான்தான் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மாப்பிள்ளையும் அந்த மணிவிழா நாளில் இப்படித்தான் படுத்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஊறு செய்த இடத்திலேயே பரிகாரம் செய்வோம் என்று, அடுத்து வந்த ஒரு கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்தேன். மாப்பிள்ளை பேரை இழுக்க முடியாது. ஆகவே என் கதையை மட்டும் சொன்னேன். முன்பு நான் பேசியது முட்டாள்தனம், குறட்டை நோயாக இருக்கலாம், நானே மிஷின் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன், பல் டாக்டர் சொன்னால் கேளுங்கள் என்று, ஒரு ஜோக்கும் இல்லாமல் சொன்னேன். ‘மிஷின்’ என்றதும் முன்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். அவ்வளவுதான், மண்டபம் பற்றிக்கொண்டது. “சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்” என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. என் வாழ்நாளிலேயே அதிகக் கைதட்டல் வாங்கிய பேச்சு அதுதான். கல்யாண மாப்பிள்ளை வீட்டார் மேடையேறி எனக்குச் சால்வை போட்டார்கள்.

மாப்பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான். டாக்டர் சரி சொன்ன பிறகு மறுபடியும் வண்டி ஓட்டுகிறான். நானும் அலுவலகத்தில் விழித்திருக்கிறேன். சக ஊழியர்களுக்கு அது கொஞ்சம் அசௌகரியமாக இருக்கிறது. மேடையில் சொல்லி எடுபடாததை இப்போது டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி விழுகிறவரிடம், ஒவ்வோர் ஆளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் எப்போது சிரிப்பு வரும் என்று என் வாயையே பார்க்கிறார்கள். அன்று அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். வீடு திரும்பியதும் அவர்களில் யார் எதைக் கழற்றி வைத்தார்கள், போவதாக இருந்த டாக்டரிடம் யார் போகாமலே இருந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டு ஆளாக இருந்ததால் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்றவர்களிடம் நான் எந்தத் தெருவில் போய்க் கேட்பது?